ஈப்போவில் ஓடிய பதினான்காம் ரீல்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
10-3-1981

அன்புள்ள மாப்பிள்ளை ராசப்பனுக்கு,

ஈப்போவில் 'பறக்கும் முனி' மார்ச் ஆறாம் தேதியோடு ஐம்பது நாள் ஓடிவிட்டது. தியேட்டர் முதலாளி காளியண்ணன் என்பவர் சென்னையில் உள்ள எங்கள் 'திரைச் சந்தை' வார இதழுக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். ஆசிரியர் தந்தியை எனக்கு அனுப்பி, "உங்கள் தங்கை வீட்டுக்காரர் படம்தானே, விவரம் கேட்டு எழுதுங்கள்" என்று ஓரத்தில் குறித்திருக்கிறார். ஆகவே எழுதுகிறேன்.

நாம் பேசிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. காரணம் இருவருக்கும் தெரியும். "சேலத்தில் 'பறக்கும் முனி' பதினோராம் நாள் தூக்கப்பட்டது, இருந்தவர்களும் படத்தின் கடைசிக் காட்சியில் எழுந்து போனார்கள்" என்று சென்ற ஆண்டு நான் எழுதினேன். அதைப் படித்த பிறகு கோவைக்காரரும் மதுரைக்காரரும் படத்தை வாங்கவில்லை. நீங்கள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் படப்பெட்டியோடு மலேசியாவுக்குக் கப்பல் ஏறினீர்கள். அன்றைக்கு எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் இன்று மாற்ற மாட்டேன். அதற்காக இன்று நடப்பதை எழுதாமலும் இருக்க மாட்டேன்.

வெளிநாட்டு வசூல் பற்றி எழுதும்போது கதையை மூன்று வரியில் சொல்ல வேண்டும். இப்படிச் சுருக்கியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்: கொல்லுப்பட்டறைக்காரன் ஒருவன் அமாவாசைதோறும் முனியாக மாறுகிறான். கறுப்பு முகமூடியோடு வானத்தில் பறந்து வந்து கெட்டவர்களை அடிக்கிறான். ஊர் அவனால் பிழைக்கிறது, ஊரே அவனுக்குப் பயப்படுகிறது.

எனக்குத் தெரிய வேண்டியவை: தியேட்டரில் எத்தனை இருக்கை, தினம் எத்தனை காட்சி, வேறு எந்த ஊர்களில் கேட்கிறார்கள், யார் கேட்கிறார்கள். "நல்ல கூட்டம்" என்று எழுத வேண்டாம். எங்கிருந்து வரும் கூட்டம் என்று எழுதுங்கள்.

போன வாரம் சங்ககிரி வழியாக பஸ்ஸில் போனேன். நீங்கள் படம் எடுத்த கல்லுக்குழியில் தண்ணீர் நிற்கிறது, எருமைகள் கிடக்கின்றன. பாறையில் உங்கள் ஆட்கள் சுண்ணாம்பில் எழுதிய "அமைதி, படப்பிடிப்பு" இன்னும் அழியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார். எருமை என்றேன்.

எடப்பாடியில் தங்கை அம்மிணி நலம். எட்டுத் தறியும் ஓடுகின்றன. உங்களைப் பற்றிக் கேட்டால் நூல் விலையைப் பற்றிப் பேசுகிறாள்.

செங்கோடன்


ஈப்போ
19-3-1981

மச்சானுக்கு ராசப்பன் எழுதுவது.

ஐம்பது நாள் ஆனதும் உங்களுக்கு மாப்பிள்ளை ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம். இங்கேயும் பதினோரு நாளில் தூக்கியிருந்தால் அந்தச் செய்தியை என்னிடம் விவரம் கேட்காமலே போட்டிருப்பீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். இருக்கை எழுநூறு. தினம் மூன்று காட்சி, ஞாயிறு நான்கு. ரப்பர் தோட்டங்களில் இருந்து லாரி பேசிக்கொண்டு வருகிறார்கள். ஒரு லாரிக்கு நாற்பது பேர், கைக்குழந்தை கணக்கில் இல்லை. எங்கிருந்து வரும் கூட்டம் என்று கேட்டீர்களே, சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், இன்னும் வாயில் நுழையாத தோட்டங்கள். பினாங்கில் கேட்கிறார்கள். கிள்ளானில் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருந்து ஒரு செட்டியார் நேரில் வந்து இரண்டு காட்சி பார்த்துவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார்.

இதையும் எழுதுங்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். திரைக்கு முன்னால் எலுமிச்சம்பழம், சுருட்டு வைக்கிறார்கள். முதல் வாரம் ஒருத்தர் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டார். காளியண்ணன் ராசிபுரத்து வம்சம், அப்பா காலத்தில் இங்கே வந்தவர்கள். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "சாமி கும்பிடுறது இருக்கட்டும், ஸ்கிரீன்ல நெருப்புப் பட்டா நான் யாரைக் கும்பிடுறதுலா" என்று இந்த ஊர் 'லா' சேர்த்துச் சொல்லி, மணல் போட்ட தட்டு ஒன்றைக் கொண்டு வந்து வைத்தார். இப்போது அந்தத் தட்டில்தான் எல்லாம்.

படத்தின் கடைசிக் காட்சியில் எழுநூறு பேரும் எழுந்து நின்று கும்பிடுகிறார்கள். அங்கே முனி என்றால் விலகிப் போகிற ஜனம். இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் முனியாண்டிதான் காவல். கிட்டே வருகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். படம் அதே படம்.

கொட்டை எழுத்தில் போடுங்கள் மச்சான். நான் சேலம் ஜங்ஷனில் இறங்கும்போது முன்பின் தெரியாத ஒருத்தனாவது, "ஏனுங்க, உங்க படம் கடல் தாண்டி ஓடுச்சாமே" என்று கேட்க வேண்டும். அதுவரைக்கும் ஊர்ப்பக்கம் வருவதாக இல்லை. சாமத்தில் இறங்கி முக்காடு போட்டுக்கொண்டு எடப்பாடி போவதற்கு நான் என்ன கோழி திருடினேனா.

உங்கள் தங்கச்சிக்கு நாலு கடிதம் போட்டுவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. என்ன என்று கேட்டு எழுதவும்.

ராசப்பன்


செவ்வாய்ப்பேட்டை
28-3-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கிள்ளான், பினாங்கு விசாரணைகளைக் காளியண்ணன் தனிக் கடிதத்தில் உறுதி செய்திருக்கிறார். யாழ்ப்பாணம் உங்கள் வாய்மொழி மட்டுமே, ஆகவே விட்டுவிட்டேன்.

ஒரு இடத்தில் மட்டும் நிற்கிறேன். கடைசிக் காட்சி.

நான் பார்த்த படத்தின் கடைசிக் காட்சியில், தன் கையால் நல்லவர்களும் சாகத் தொடங்கிவிட்டார்கள் என்று நாயகன் பயப்படுகிறான். தன்னைக் கட்டிவிடச் சொல்லி அவனே பூசாரியிடம் கேட்கிறான். பூசாரி புளியமரத்தில் ஆணி அடித்து முனியைக் கட்டுகிறார். மரத்தில் ரத்தம் வழிகிறது. வணக்கம்.

சேலத்தில் அந்த இடம் வந்தபோது எனக்கு முன்வரிசையில் இருந்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "முனியப்பனுக்கே ஆணி அடிக்கறானுவ. எந்திரி, போலாம்." அவர் மனைவி பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு முன்னால் போனாள். அப்போதே உங்களிடம் நேரில் சொன்னேன். நீங்கள், அது கலை என்றீர்கள்.

ஈப்போவில் அதே காட்சிக்கு எழுந்து நின்று கும்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சேலத்திலும் எழுந்துதான் நின்றார்கள், செருப்பைத் தேடுவதற்கு. முனியாண்டியைக் காவலாக வைத்திருக்கும் ஜனம் அவருக்கு ஆணி அடிப்பதைப் பார்த்துக் கும்பிடுமா? எனக்கு விளங்கவில்லை. விளங்காததை நான் எழுதுவதில்லை.

அம்மிணியைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் வரப்போவதில்லை என்று எழுதியிருப்பதைச் சொன்னேன்.

"வர மாட்டாருங்களாமா? அப்ப இந்தத் தறிப்பட்டறையை ஆருங்ணா பார்க்கறது, ஈப்போக்காரங்களா?"

"கடுதாசிக்கு ஏன் பதில் போடலை?"

"என்னன்னு போடறது? நாலு கடுதாசியிலயும் படம், படம், படம். நீ நல்லா இருக்கறயான்னு ஒரு வரி இல்லீங்ணா. உங்க பேப்பருக்கு அனுப்ப வேண்டியதை எடப்பாடிக்கு அனுப்பிப்போட்டாராட்ட இருக்குது."

சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

செங்கோடன்


ஈப்போ
6-4-1981

மச்சான்,

உங்களிடம் எதையும் மறைத்து வைக்க முடியாது. எழுதுகிறேன். ஆனால் இது பேப்பருக்கு இல்லை.

இங்கே ஆணிக் காட்சி ஓடவில்லை.

ஜனவரி பதினாறு, முதல் காட்சி. தைப்பூசத்துக்கு வந்த கூட்டம் ஊரில் இருந்தது. பதின்மூன்று ரீல் வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. பதின்மூன்றாவதன் முடிவில் பூசாரி ஆணியை மரத்தில் வைத்துச் சுத்தியலை ஓங்குவான். ரீல் மாறியது. திரையில் நிறம் போயிற்று, சத்தம் போயிற்று. வெள்ளை வானத்தில் முனி தொங்குகிறான்.

உங்களுக்கு நினைவிருக்கும். கல்லுக்குழியில் முதல் நாள் காலை, கம்பி தாங்குமா என்று பார்க்கக் கறுப்பு வெள்ளையில் ஒரு துண்டு எடுத்தோம். கதாநாயகன் உயரத்துக்குப் பயந்து ஏற மாட்டேன் என்று சொன்னதால், ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கொண்டுவந்து, அதை ஓட்டி வந்த சின்னண்ணனுக்கே முகமூடியை மாட்டி, ரிக்கின் கோபுரத்தில் இருந்து தொங்கவிட்டோமே, அந்தத் துண்டு. மேலே போனதும் அவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நமக்கு விரித்துக் காட்டினான். கம்ப்ரசர் சத்தத்தில் ரிக்காரர்களுக்கு வாய்ப்பேச்சு கிடையாது. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து என்று அர்த்தம். நாம் சிரித்துக்கொண்டே இன்னும் பத்தடி ஏற்றினோம்.

அதுதான் திரையில் வந்தது. நான் ஆபரேட்டர் அறைக்கு ஓடினேன். பாதிப் படியில் இருக்கும்போது பின்னால் நாற்காலிகள் மடங்கும் சத்தம் கேட்டது. ஜனம் போகிறது, இங்கேயும் முடிந்தது என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். எழுநூறு பேரும் நின்றுகொண்டு, கையைத் தலைக்கு மேலே கூப்பியிருந்தார்கள். பூசாரி ஆணி அடிக்கப் பார்த்தான், முனி கட்டுப்படாமல் வானத்துக்கு எழும்பிவிட்டார், பயப்படாதே என்று கை காட்டுகிறார். அவர்கள் பார்த்த படம் அது. ஒரு பெண்ணுக்கு அங்கேயே அருள் வந்துவிட்டது.

பதினான்காவது டப்பாவுக்குள் அந்தத் துண்டு எப்படி வந்தது என்று தெரியவில்லை. மெட்ராஸில் பிரதி போட்ட லேபில் மாற்றிப் போட்டிருப்பார்கள். காளியண்ணனிடம் சொன்னேன். "யாருகிட்டயும் வாயைத் திறக்காதீங்க. நாளைக்கும் இதையேதான் போடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

மச்சான், நான் ஆணிக் காட்சிக்காகத்தான் படமே எடுத்தேன். முன்னால் வரும் பதின்மூன்று ரீலும் அந்த ஒரு ரீலுக்குப் போட்ட பாதை. நான் எடுத்தது இருந்த ஊரில் படம் விழுந்தது. நான் எடுத்தது இல்லாத ஊரில் ஓடுகிறது. தினமும் என் கழுத்தில் மாலை போடுகிறார்கள். யாருக்குப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் இருபத்தைந்து நூறாவது நாள், விழா வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு ஒரே ஒரு காட்சியாவது என் படத்தை முழுசாகக் காட்ட வேண்டும். ரீல் லேபில் இருக்கும், இல்லாவிட்டால் எடப்பாடி வீட்டில் இருக்கும். தேடி எடுத்து விமானத்தில் அனுப்புங்கள்.

செய்தியில் ரீல் விஷயம் வேண்டாம். ராசப்பன் படம் நூறு நாள் ஓடியது என்று மட்டும் இருக்கட்டும். பொய் எழுதச் சொல்லவில்லை. இந்த ஒரு தடவை கொஞ்சம் குறைவாக எழுதுங்கள் என்கிறேன்.

ராசப்பன்


செவ்வாய்ப்பேட்டை
16-4-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ரீல் கிடைத்துவிட்டது. எடப்பாடியில், உங்கள் தறிப்பட்டறையில், பாவு நூல் மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறது. என் கண்ணால் பார்த்தேன். லேபின் மேல் தவறு இல்லை. எடுத்து வைத்தவள் அம்மிணி. கேட்டவுடனே சொல்லிவிட்டாள்.

நீங்கள் பாஸ்போர்ட் வேலையாக மெட்ராஸ் போயிருந்தபோது படப்பெட்டியைத் திறந்திருக்கிறாள். பதினான்காவது டப்பாவில் இருந்த ரீலை எடுத்துவிட்டு வேறு துண்டை வைத்து மூடியிருக்கிறாள்.

"எதுக்கு அம்மிணி இப்படிப் பண்ணினே?"

"கடல் தாண்டிப் போற மனுஷன் பத்திரமாத் திரும்பி வரோணும்னு முனியப்பனுக்குக் கெடா வெட்டறதா வேண்டிக்கிட்டேனுங்ணா. ஒரு கையில அவரைக் கும்பிட்டுப்போட்டு, இன்னொரு கையில அவருக்கு ஆணி அடிக்கற படத்தைப் பொட்டியில கட்டி அனுப்பறதா? அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கோயல் படி ஏறறது?"

"மாப்பிள்ளை அந்த ரீலை விமானத்துல அனுப்பச் சொல்றார்."

"வந்து எடுத்துக்கச் சொல்லுங்க. டப்பாவுக்கு என்ன, காலா மொளைச்சிருக்குது?"

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. ரீல் வராது, விழாவுக்கு அதை நம்பி இருக்க வேண்டாம்.

சின்னண்ணன் ரிக்கைப் பழுது பார்க்க ராய்ச்சூரில் இருந்து திருச்செங்கோட்டுக்கு வந்திருந்தான். பட்டறையில் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நிறுத்துங்கடான்னுதானுங்க கையைக் காட்டுனேன். ராசப்பண்ணனும் நீங்களும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னீங்க. அங்க ஒரு ஊரே எந்திரிச்சு நிக்குதுங்களா?"

"எழுநூறு பேர். தினம் மூன்று காட்சி."

"அத்தனை பேர்ல ஒருத்தனுக்குக்கூட என்னைய இறக்கியுடோணும்னு தோணுலீங்களே."

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். குறைவாக எழுதச் சொல்கிறீர்கள். சேலத்தில் விழுந்த படமும் ஈப்போவில் ஓடும் படமும் ஒன்றல்ல. ஒன்று என்பதுபோல் நான் எழுதினால், அதை நம்பி யாராவது ஒருவர் ஆணியோடு இருக்கும் பிரதியை வாங்குவார். அது மறுபடியும் பதினோராம் நாள் தூக்கப்படும். அதையும் நான்தான் எழுத வேண்டியிருக்கும். ஆகவே எழுதினால் ரீலையும் சேர்த்து எழுதுவேன். உங்களுக்குச் சம்மதம் இல்லையென்றால் எதையும் எழுத மாட்டேன். தங்கை வீட்டுக்காரருக்காக நான் இந்த அளவுக்குத்தான் வளைய முடியும்.

நான் எழுதாவிட்டால் ஜங்ஷனில் உங்களை யாரும் கேட்கப் போவதில்லை. யாரும் கேட்காவிட்டால் நீங்கள் வரப்போவதில்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன். அம்மிணிக்கும் இதைச் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்தி, அறுந்த இழையை முடிந்துவிட்டு, மறுபடி ஓட்டினாள்.

செங்கோடன்


ஈப்போ
2-5-1981

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் விழாவுக்கு முதல் நாள் வந்தது. படித்துவிட்டு உங்களையும் திட்டினேன், உங்கள் தங்கச்சியையும் திட்டினேன். அறையில் கேட்க ஆள் இல்லாததால் சின்னண்ணனையும் சேர்த்துக்கொண்டேன். கட்டின பெண்டாட்டியே என் படத்தின் தலையை வாங்கியிருக்கிறாள் என்றால் வேறு யாரிடம் போய்ச் சொல்வது.

மறுநாள் மேடையில் மாலை போட்டார்கள். அந்தப் பாரம் தாங்கவில்லை. மைக்கைப் பிடித்து உள்ளதைச் சொல்லிவிட்டேன். இந்தப் படத்தின் முடிவு இது இல்லை, முனியை ஆணி அடித்துக் கட்டுவதுதான் முடிவு, நீங்கள் கும்பிடுவது ஒரு ரிக் ஆபரேட்டர், அவர் கை காட்டுவது கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லி. இவ்வளவையும் சொன்னேன். காளியண்ணன் முகம் வெளுத்துவிட்டது. நாற்காலிகள் பறக்கும் என்று நினைத்தேன்.

நடுவில் இருந்து ஒருத்தர் எழுந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர், கையெல்லாம் கறை.

"நிறுத்தச் சொன்னாருன்னா அது உங்களுக்குச் சொன்னதுலா சார். அங்க கீழ நின்னவங்க நீங்கதானே. எங்களப் பார்த்து அவரு வேற சொன்னாரு."

கைதட்டினார்கள். சிரித்தார்கள். மாலைக் காட்சிக்கு டிக்கெட் இல்லை. காளியண்ணன், "இனிமே ஷோவுக்கு முன்னால தினமும் இதைச் சொல்லுங்கலா, கூட்டம் ஜாஸ்தியாகுது" என்கிறார்.

அன்று மாலைக் காட்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மச்சான், உங்களுக்கு இதுவரைக்கும் எழுதாத ஒன்று இருக்கிறது. அந்தத் துண்டின் முடிவில் கேமரா கொஞ்சம் சரிந்து கீழே இறங்கும். ரிக் வண்டியின் சக்கரம் தெரியும். பக்கத்தில் நீங்கள், கக்கத்தில் குடை. உங்களுக்குப் பின்னால் டிபன் கேரியரோடு உங்கள் தங்கச்சி. ஷூட்டிங் ஆட்களுக்கு அன்றைக்குத் தக்காளிச் சோறு கொண்டுவந்தாள். நெற்றிக்கு மேல் கையை வைத்து மேலே பார்க்கிறாள். பிறகு கேமரா பக்கம் திரும்பி ஏதோ சொல்கிறாள். சின்னண்ணனை இறக்கிவிடச் சொல்லித்தான் சொல்லியிருப்பாள். நான்தான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கு என் காதில் விழவில்லை, துண்டிலும் சத்தம் இல்லை.

அந்த நேரத்தில் தியேட்டரில் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். அவளைப் பார்க்கிறவன் நான் ஒருத்தன்தான். முதல் வாரத்தில் இருந்து ஒவ்வொரு நாளும் மாலைக் காட்சிக்குப் போகிறேன். வசூலைப் பார்க்கப் போகிறேன் என்று காளியண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். ஆணி ரீல் வந்திருந்தால் இது போயிருக்கும். நான் அதைக் கேட்டு எழுதியபோது எனக்கு இது தோன்றவில்லை.

செய்தியைப் போடுங்கள். ரீலோடு போடுங்கள். முகமூடிக்குள் இருந்தது சின்னண்ணன் என்று பெயரைப் போடுங்கள். ஈப்போப் பிரதியின் முடிவை அமைத்தவர் வசந்தாமணி என்று உங்கள் தங்கச்சியின் முழுப் பெயரைப் போடுங்கள். மூன்று பேர் சேர்ந்து எடுத்த படம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, ஒருத்தன் பெயர் மட்டும் போஸ்டரில் இருக்கிறது.

ஆணி ரீலை அவள் இஷ்டம்போல் வைத்துக்கொள்ளட்டும். நான் வந்து பார்க்கிறேன். மே இருபத்தாறு பினாங்கில் இருந்து கப்பல், இடம் சொல்லிவிட்டேன். ஜங்ஷனில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இறங்குவேன்.

உங்கள் தங்கச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். படத்தைப் பற்றி எதுவும் இல்லை. கிழித்துவிட்டேன், மறுபடி எழுதுகிறேன்.

ராசப்பன்


செவ்வாய்ப்பேட்டை
14-5-1981

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

செய்தி அச்சுக்குப் போய்விட்டது. மே இருபத்திரண்டு இதழில் மூன்றாம் பக்கம் என்று ஆசிரியர் நேற்று டிரங்க் காலில் உறுதி செய்தார். கொட்டை எழுத்து கிடைக்கவில்லை, நடுத்தர எழுத்து. முதல் பத்தி இது:

"சேலத்தில் தயாரான 'பறக்கும் முனி' ஈப்போவில் ஏப்ரல் 25 அன்று நூறாவது நாளை எட்டியது என்று தியேட்டர் உரிமையாளர் காளியண்ணன் தெரிவிக்கிறார். சேலத்தில் பதினோரு நாள் மட்டும் ஓடிய இப்படத்தின் இறுதி ரீல் ஈப்போப் பிரதியில் இல்லை. அதற்குப் பதிலாக இடம்பெற்றுள்ள சோதனைக் காட்சியில் முனியாகத் தோன்றுபவர் திருச்செங்கோடு சின்னண்ணன். இந்த முடிவை அமைத்தவர் எடப்பாடி ரா. வசந்தாமணி. படத்தின் தயாரிப்பாளரும் இயக்குநருமான ராசப்பன் இதை நூறாவது நாள் விழா மேடையில் தாமே அறிவித்தார்."

அச்சுப்படியை எடப்பாடிக்குக் கொண்டுபோனேன். "என் பேர் எதுக்குங்ணா, நான் என்ன சினிமாக்காரியா?" என்றாள். இரண்டு முறை படித்துவிட்டு, "இனிஷியலைச் சரியாத்தான் போட்டிருக்கறாங்க" என்றாள். சின்னண்ணன் மறுபடி ராய்ச்சூர் போய்விட்டான். இதழை அங்கே அனுப்பச் சொல்லி முகவரி கொடுத்திருக்கிறான்.

இனி நிலுவையில் இருப்பவை. சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் இரண்டு புதுப் பிரதி போட லேபில் கேட்டிருக்கிறார்கள். சோதனைத் துண்டின் நெகட்டிவ் இருக்கிறதா என்று தேடுகிறார்கள், மாதக் கடைசியில் தெரியும். சேலத்தில் புது முடிவோடு மறுபடி போடலாமா என்று தியேட்டர்காரர் ஒருவர் கேட்டார். பிரதி வந்தால் ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை என்கிறார், எழுத்தில் கொடுக்கவில்லை. ஜங்ஷனில் யாராவது உங்களைக் கேட்பார்களா என்பதற்கு நான் உறுதி தர முடியாது. எங்கள் இதழ் சேலத்தில் இருநூறு பிரதி போகிறது, பாதியைப் பொட்டலம் கட்டுகிறவர்கள் வாங்குகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் கல்லுக்குழி பற்றி எழுதிய பத்தியை மட்டும் அம்மிணிக்குப் படித்துக் காட்டினேன். அவள் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எனக்கு அந்தக் காலை வெயில் ஞாபகம் வந்தது. நான் அவளுக்கு முன்னால் நின்றிருந்ததால் அவள் சொன்னதை நானும் கவனிக்கவில்லை.

படித்து முடித்ததும் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. வீட்டில் பாட்டுத் துண்டு, விளம்பரத் துண்டு என்று இன்னும் நாலைந்து டப்பா இருந்தன. அவள் அதில் எதை வேண்டுமானாலும் வைத்து மூடியிருக்கலாம்.

"அம்மிணி, கைக்குக் கெடைச்சதை வெச்சயா, இல்ல, நீ இருக்கற துண்டுன்னு தெரிஞ்சு வெச்சயா?"

தறியின் சுவிட்சில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

"அவர் வந்து கேட்டாச் சொல்றேனுங்ணா. உங்ககிட்டச் சொன்னா பேப்பர்ல போட்டுருவீங்க."

ஆகவே அது மட்டும் உறுதியாகவில்லை. உங்கள் கப்பல் ஜூன் முதல் தேதி சென்னை வந்து சேரும் என்று கப்பல் கம்பெனியில் சொன்னார்கள். மறுநாள் நீங்கள் எடப்பாடியில் இருந்தால், அன்றைக்குத் தெரியவரும்.

செங்கோடன்